டர்பன் பக்கத்துலேர்ந்து சானி பாஸ் வரைக்கும் சைக்கிள்ல: மலை ரோடு டூர் பிளான் பண்ற முழு வழிகாட்டி

டர்பன்ல நம்ம சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பசங்க நிறைய பேர் இப்ப சைக்கிள் ஓட்டுறாங்க, ஞாயித்துக்கிழமை காலைல பீச் ரோட்டுல போயிட்டு வர்றது, உம்ஷ்லங்கா வரைக்கும் ஒரு ரவுண்டு, அதெல்லாம் நல்லா நடக்குது. ஆனா பேக் கட்டிக்கிட்டு நாலஞ்சு நாள் மலைக்குள்ள போலாம்னு யாராவது கேட்டா, "எத்தனை கிலோமீட்டர்ணா?"ங்கறதுதான் முதல் கேள்வியா வருது. தென்னாப்பிரிக்காவோட இந்த குவாசூலு நட்டால் மாகாணத்து மலைல அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. கேக்க வேண்டியது ரெண்டுதான். மொத்தம் எத்தனை மீட்டர் ஏத்தம்? அன்னிக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம் இருக்கும்? இந்த ரெண்டையும் வச்சு பிளான் போட்டா மத்ததெல்லாம் தானா அமையும். ஹில்க்ரெஸ்ட்லேர்ந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க், அங்கேர்ந்து நாட்டிங்ஹாம் ரோடு, லோத்தேனி வழியா ஹிம்வில், கடைசியா லெசோத்தோ எல்லைக்கு ஏறுற சானி பாஸ் கணவாய்னு ஒரே ரூட்டை எடுத்துக்கிட்டு ஒண்ணொண்ணா சொல்றேன். உங்க ரூட் வேறயா இருந்தாலும் முறை இதேதான்.

முதல்ல ரூட்

என் 3 ஃப்ரீவேல சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, அதனால நம்ம முதுகெலும்பு ஆர் 103, அதாவது பழைய மெயின் ரோடு. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல 1921லேர்ந்து காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுறதும் பெரும்பாலும் இந்தப் பாதைலதான், கவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ்னு அஞ்சு மேடும் ஓட்டக்காரங்களுக்கு மனப்பாடம். கடல் மட்டத்துல ஆரம்பிச்சு அம்லாஸ் ரோடு பக்கத்துல 870 மீட்டர் வரைக்கும் ஏறி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்குற பாதை அது.

இதுல என் கருத்தை நேராவே சொல்லிடறேன், டர்பன் டவுன்லேர்ந்து ஹில்க்ரெஸ்ட் வரைக்கும் உள்ள பகுதிய சைக்கிள்ல போகாதீங்க. பைன்டவுன் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறுற இடத்துல வண்டிங்க வர்ற வேகத்துக்கு, பேக் கட்டின சைக்கிள்ல மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்து போறதுல என்ன சுகம் இருக்கு? மாமாவோ மச்சானோ யாராவது பக்கி (பிக்கப் வண்டி) வச்சிருப்பாங்க, அதுல சைக்கிளை ஏத்தி விடியக்காலைல ஹில்க்ரெஸ்ட்ல இறக்கிவிடச் சொல்லுங்க. அங்கேர்ந்துதான் நாட்டுப்புறம் ஆரம்பிக்குது. கொஞ்ச தூரத்துலயே போத்தாஸ் ஹில், வலது கைப்பக்கம் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு முழுசா விரிஞ்சு கிடக்கும், அடியில உம்கேனி ஆறு. காலைல பனி மூட்டம் அந்தப் பள்ளத்துல நிக்கிறதைப் பாத்தா கொஞ்ச நேரம் சைக்கிளைச் சாத்தி வச்சுட்டு நிக்கத்தான் தோணும், நில்லுங்க, முதல் நாள் அதுக்கு நேரம் இருக்கு.

ரூட் போடுறதுக்கு கோமூட், ரைட் வித் ஜிபிஎஸ்னு ரெண்டு மேப் ஆப் இருக்கு, ரெண்டுல எது வேணா வச்சுக்கலாம், ஆனா ஒரே ரூட்டை ரெண்டுலயும் போட்டுப் பாருங்க, ஏத்தக் கணக்கு ரெண்டுலயும் வேற வேற வரும். அதிகமா காட்டுறதையே எடுத்துக்கோங்க. அப்புறம் சாட்டிலைட் படத்தை நல்லா பெருசாக்கி ரோடு முழுக்க விரலால ஓட்டிட்டு வாங்க, தார் ரோடு சாம்பலாத் தெரியும், தார் போடாத கிராவல் ரோடு செம்மண் நிறத்துல தெரியும், எங்க மாறுதோ அங்க ஒரு குறி போட்டு வையுங்க. மேப்பை போன்ல ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கணும், லோத்தேனி பக்கம் பள்ளத்துல இறங்கிட்டா சிக்னல் போயிடும்.

நாளைப் பிரிக்கிற கணக்கு

இதுதான் மொத்த பிளானோட உயிர், அதனால கொஞ்சம் நிதானமாப் படிங்க. சுமையோட போற சாதாரண ஆளு ஒரு மணி நேரத்துல சுமாரா 400 மீட்டர் உயரம் ஏறலாம். சமதளத்துல மணிக்கு 20 கிலோமீட்டர், கிராவல்ல 15. நாளோட தூரத்தை 20ஆலயோ 15ஆலயோ வகுங்க, ஏத்தத்தை 400ஆல வகுங்க, ரெண்டையும் கூட்டுங்க, அதுக்கு மேல சாப்பாடு, பஞ்சர், போட்டோ, மூச்சு வாங்குறதுன்னு மூணுல ஒரு பங்கு நேரம் சேருங்க. வர்ற நேரத்தை அன்னிக்கு இருக்கற பகல் வெளிச்சத்துலேர்ந்து கழிச்சா குறைஞ்சது ரெண்டு மணி நேரமாவது மிச்சம் இருக்கணும். இல்லன்னா அந்த நாளை ரெண்டா வெட்டுங்க, யோசிக்கவே வேணாம்.

மே மாசம் நடுவுல நம்ம பக்கம் பகல் பத்தரை மணி நேரம்தான் இருக்கும், டிசம்பர்ல 14 மணி நேரம் வரும். இப்ப நாட்டிங்ஹாம் ரோட்டுலேர்ந்து ஹிம்வில் போற நாளை எடுத்துக்கோங்க. தூரம் 80 கிலோமீட்டருக்கு மேல, தாரும் கிராவலும் கலந்து வரும். 85 கிலோமீட்டர்னு வச்சு 15ஆல வகுத்தா அஞ்சரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஏத்தம் உங்க மேப்புல 1,400 மீட்டர்னு வந்தா அதுக்கு மூன்றரை மணி நேரம். ஆக ஒன்பது மணி நேரத்துக்கு மேல மிதிக்க மட்டுமே போயிடுது, நிக்கிற நேரத்தையும் சேத்தா பன்னெண்டு. மே மாசத்துல அவ்வளவு வெளிச்சமே கிடையாது. வெறும் கிலோமீட்டரைப் பாத்தவன் "85தானே, நான் ஞாயிறு காலைல நூறு ஓட்டுறவன்"னு சொல்வான், இருட்டுன அப்புறம் உம்கோமாசி ஆத்துப் பள்ளத்துல போன் சிக்னல் தேடிக்கிட்டு நிப்பான். அதனால இந்த இடத்தை ரெண்டு நாளா வச்சுக்கோங்க. மாகாண வனவிலங்கு அமைப்பான ஈசெம்வெலோ பாத்துக்கற காம்பெர்க், லோத்தேனி ரிசர்வ் ரெண்டுலயும் தங்குறதுக்கு இடம் இருக்கு, ஆனா மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள போகணும், அந்தத் தூரத்தையும் ஏத்தத்தையும் கணக்குல சேருங்க, முன்னாடியே போன் பண்ணி இடம் இருக்கான்னு உறுதி பண்ணிட்டுத்தான் கிளம்பணும்.

மத்த நாளெல்லாம் இப்படி வரும். முதல் நாள் ஹில்க்ரெஸ்ட்லேர்ந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க், 50 கிலோமீட்டர் சுமாருக்கு, உடம்பு பழகுறதுக்கு ஏத்த நாள், ஊருக்குள்ள நுழையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பாலி ஷார்ட்ஸ் வரும், ரெண்டு கிலோமீட்டர்கூட கிடையாது ஆனா களைச்ச காலுக்கு அது நீளமாத்தான் இருக்கும். ரெண்டாவது நாள் காலைல எழுந்ததும் டவுன் ஹில்ங்கற மேடு, பழைய ஹோவிக் ரோடு வழியா ஹில்டனுக்கு ஒரே மூச்சா 400 மீட்டருக்கு மேல ஏத்தம். இதை வெயில் வர்றதுக்கு முன்னாடி முடிச்சிடணும். அதுக்கப்புறம் ஹோவிக், 95 மீட்டர் அருவி ரோட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு, பாத்துட்டு ஆர் 103லயே போனா 1962 ஆகஸ்ட் 5ஆம் தேதி மண்டேலாவைப் பிடிச்ச இடம் வரும், அந்த அம்பது இரும்புத் தூணும் ஒரு குறிப்பிட்ட இடத்துலேர்ந்து பாத்தா அவர் முகமாத் தெரியும். அங்க தண்ணி, காபி, டாய்லெட் எல்லாம் உண்டு, அதனால மதிய நிறுத்தத்தை அங்க வச்சுக்கலாம். அப்புறம் லிட்ஜெட்டன், பால்கோவன் தாண்டி நாட்டிங்ஹாம் ரோடு. மூணும் நாலும் லோத்தேனி. அஞ்சாவது நாள் ஹிம்வில்ல ரூம்லயே பேக்கை விட்டுட்டு சானி பாஸ்.

கிராவலே வேணாம்னு நினைக்கறவங்களுக்கு ஹோவிக் பக்கத்துலேர்ந்து பாஸ்டன், புல்வர் வழியா அண்டர்பெர்க் போற ஆர் 617 இருக்கு, முழுக்க தார். ஆனா மரம் ஏத்துற லாரி அதுல நிறைய ஓடும், ஓரத்துல இடம் கம்மி. நான் லோத்தேனியைத்தான் சொல்வேன், ரோடு கஷ்டம், ஆனா மனசு நிம்மதியா இருக்கும்.

எந்த மாசம்

ஏப்ரல், மே. ஏன்னா அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மதியத்துக்கு மேல இடி மின்னல் மழை, டிராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்துல அது விளையாட்டில்ல, புல்வெளி மேட்டுல நீங்களும் உங்க சைக்கிளும்தான் உயரமா நிக்கிற பொருள். கோடைல போயே ஆகணும்னா அஞ்சு மணிக்குக் கிளம்பி பன்னெண்டு மணிக்குள்ள நாளை முடிக்கிற மாதிரி பிரிங்க. ஜூன், ஜூலைல ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போகும், மலை உச்சியில பனி விழலாம், பகலும் குறைவு. ஆகஸ்ட், செப்டம்பர்ல உள்நாட்டுலேர்ந்து இறங்குற சூடான பெர்க் காத்து அடிக்கும், காஞ்ச புல்லுல தீ பிடிக்கிற காலமும் அதுதான், ரோட்டுக்குக் குறுக்க புகை வந்தா அதுக்குள்ள போகாம திரும்பிடணும்.

ஹில்டன், ஹோவிக் பக்கம் எந்த மாசத்துலயும் திடீர்னு மூடுபனி வரும், பத்தடி தூரத்துல ஒண்ணும் தெரியாது. பின்னாடி சிவப்பு லைட் பகல்லயும் எரியட்டும், மேல போட்டுக்க மினுமினுப்புப் பட்டை வச்ச வெஸ்ட் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும்.

ஈஸ்டர் சமயத்துல போறீங்கன்னா புனித வெள்ளி அன்னிக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில்ல தீமிதி, ஊரெல்லாம் கூட்டமா இருக்கும், நம்ம சனங்க எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. ரூம் கிடைக்காது, ஆனா சொந்தக்காரங்க வீடு இருந்தா அன்னிக்கு அங்க தங்கி கும்பிட்டுட்டு மறுநாள் டவுன் ஹில் ஏறலாம், அதை விட நல்ல ஆரம்பம் வேற எது? மே மாசத்துல சானி டூ சீ மவுண்டன் பைக் ரேஸ் நடக்குற வாரத்துல ஹிம்வில், அண்டர்பெர்க்ல இடமே கிடைக்காது, தேதியைப் பாத்துட்டு பிளான் போடுங்க. ஜூன்ல காம்ரேட்ஸ் நடக்குற ஞாயிறு ரோடு மூடியிருக்கும்.

சைக்கிளும் கியரும்

புது சைக்கிள் வாங்கணும்னு அவசியமில்ல, ஆனா கியர் சரியா இல்லன்னா எந்த சைக்கிளும் வேலைக்கு ஆகாது. கணக்கு பாருங்க. ஆளு, சைக்கிள், சுமை எல்லாம் சேத்து 100 கிலோ, ஏத்தம் 10 சதவீதம், நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிக்கிறீங்க. முன்னாடி 34 பல்லு பின்னாடி 34 பல்லு இருக்கற ரோடு பைக்ல கடைசி கியர்லயே மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம் வந்துடும், அதுக்கு கிட்டத்தட்ட 225 வாட் சக்தி வேணும். நல்லா பயிற்சி பண்றவங்களாலதான் அதை ஒரு மணி நேரம் தாங்க முடியும். முன்னாடி 26 பின்னாடி 36 இருந்தா அதே மிதிக்கு 160 வாட்டுக்குக் கொஞ்சம் மேல. முன்னாடி 30, பின்னாடி 51 இருக்கற மவுண்டன் பைக் செட்டுல சுமார் 135 வாட் போதும், வேகம் அஞ்சுக்கும் கீழ போயிடும், ஆனா முட்டி பிழைக்கும். அதனால கடைசி கியர்ல பின்னாடி பல்லு முன்னாடியைவிட நல்லா பெருசா இருக்கணும். பழைய ஸ்டீல் மவுண்டன் பைக் ஒண்ணு கராஜ்ல தூங்குதுன்னா, இந்த ரூட்டுக்கு புது கார்பன் ரோடு பைக்கை விட அதுதான் நல்லது.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, கிராவல்ல 45ம் 50ம் இன்னும் சுகம். முள்ளு இங்க பெரிய தொல்லை, நம்ம ஊர்ல நெருஞ்சின்னு சொல்ற அதே செடிதான் இங்க டெவில் தார்ன், ரோட்டோரப் புல்லுல சைக்கிளைப் படுக்க வச்சா போதும் குத்திடும். டியூப்லெஸ் டயர் போட்டு, ஓட்டையைத் தானா அடைக்கிற சீலன்ட் உள்ள ஊத்திட்டா பாதி கவலை போச்சு, டியூப் வச்சிருந்தாலும் அதுக்குள்ளயும் சீலன்ட் ஊத்தலாம், எப்படி இருந்தாலும் ஸ்பேர் டியூப் ரெண்டு, ஒட்டு, பம்ப், செயின் இணைக்கிற குவிக் லிங்க், செயின் டூல், அலன் சாவி, டிரெய்லியர் ஹேங்கர் (பின்னாடி கியர் மாத்துற பாகத்தை ஃபிரேமோட பிடிச்சிருக்கற சின்னத் துண்டு) ஒண்ணு, பிரேக் பேட் ஒரு ஜோடி கண்டிப்பா வேணும். அந்த ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேற வேற, நாட்டிங்ஹாம் ரோடு தாண்டிட்டா எங்கயும் கிடைக்காது.

சுமை 12 கிலோவுக்கு மேல போகவேணாம். ரூம்ல தங்குற டூருக்கு டென்ட், அடுப்பு ஒண்ணும் வேண்டியதில்ல. சைக்கிள் ஓட்டுற உடுப்பு ரெண்டு, சாயந்திரத்துக்கு ஒண்ணு, மழைக்கோட்டு, கம்பளி குல்லா, முழு விரல் கையுறை, இது மே மாசத்துல காலைலயும் மலை இறங்கும்போதும் கட்டாயம். ஹெல்மெட் இந்த நாட்டுல சட்டப்படியே போட்டாகணும்.

சாப்பாடு, தண்ணி

ஏத்தத்துல ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், பெரிய வாழைப்பழம் ரெண்டு சாப்பிட்டா கிட்டத்தட்ட அந்த அளவு வந்துடும். பசி எடுத்த அப்புறம் சாப்பிடலாம்னு இருந்தா தாமதம், மணியைப் பாத்து சாப்பிடுங்க. ஜெல் பாக்கெட்டுக்கெல்லாம் காசு கொட்டாதீங்க, உருளைக்கிழங்கு வேகவச்சு உப்பு மிளகுத்தூள் பிரட்டினது, ரொட்டில ஜாம் தடவி சுருட்டினது, வீட்டுல கட்டின புளிச்சோறு, வேர்க்கடலை மிட்டாய், எல்லாம் நல்லா நிக்கும். புளிச்சோறு முதல் நாள் மதியத்துக்கு அருமை, உப்பும் கிடைக்குது. பன்னி சௌ (பிரெட்டைக் குடைஞ்சு குழம்பு ஊத்தினது) சாப்பிடணும்னா சாயந்திரம் போய்ச் சேந்த அப்புறம் வச்சுக்கோங்க, வயிறு நிறைஞ்சு மேடு ஏற முடியாது.

கிராமத்து ஸ்பாசா கடைல பிரவுன் பிரெட், கோக், பிஸ்கட், அமாசி கிடைக்கும். அமாசின்னா புளிச்ச பால், நம்ம கெட்டி மோர் குடிச்சுப் பழகின வயித்துக்கு அது சுகமா இருக்கும், வெயில்ல ஒரு பாக்கெட் குடிச்சா தெம்பு வரும். கரன்ட் போனா கார்டு மெஷின் நின்னுடும், அதனால சில்லறை ராண்ட் நோட்டா வச்சுக்கோங்க, பவர் பேங்க்கும் முழுசா சார்ஜ் பண்ணி எடுத்துக்கோங்க. தண்ணி மூணு லிட்டர் தூக்குற வசதி வேணும், மணிக்கு அரை லிட்டர்லேர்ந்து முக்கால் லிட்டர் போகும். ஆத்துத் தண்ணிய ஃபில்டரோ மாத்திரையோ இல்லாம குடிக்கக்கூடாது, மேல ஊரும் மாடும் இருக்கு.

ரோட்டுல நடந்துக்கறது

குறைஞ்சது மூணு பேரா போங்க. ஒருத்தருக்கு அடிபட்டா ஒருத்தர் கூட இருக்கணும், இன்னொருத்தர் உதவிக்குப் போகணும், அதுக்குத்தான் மூணு. இருட்டுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தங்குற இடத்துல இருக்கணும்னு முதல்லயே சொன்னேன், பாதுகாப்புல பாதி அதுலயே அடங்கிடுது. டவுனுக்குள்ள போகும்போது போனை ஹேண்டில்பார்லேர்ந்து எடுத்து உள்ள வச்சுக்கோங்க. வீட்டுல ஒருத்தர்கிட்ட தினமும் லொகேஷன் அனுப்பறது, எத்தனை மணிக்குள்ள போன் வரலன்னா தேடணும்னு முன்கூட்டியே பேசி வைக்கிறது, அம்மாவோ வீட்டுக்காரங்களோ நிம்மதியா இருக்க இது ரொம்ப முக்கியம். போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, மொபைல்லேர்ந்து 112.

கிராமத்துல ஆளைப் பாத்தா முதல்ல நீங்க வணக்கம் சொல்லுங்க, ஒருத்தருன்னா சாவுபோனா, பல பேர்னா சனிபோனா. வேகமா இறங்கும்போது திருப்பத்துக்கு அந்தப் பக்கம் மாடு படுத்திருக்கும், ஆடு குறுக்க ஓடும், பார்வை எட்டுற தூரத்துக்குள்ள நிக்கிற வேகத்துலதான் இறங்கணும். நாய் துரத்தினா மேட்டுல ஓட்டி ஜெயிக்க முடியாது, இறங்கி சைக்கிளை நடுவுல வச்சுக்கிட்டு சத்தமா அதட்டி நடங்க, பெரும்பாலும் நின்னுடும்.

சானி பாஸ் நாள்

இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். உச்சி 2,870 மீட்டருக்கு மேல, லெசோத்தோ எல்லை. கீழ்ப்பகுதிக்கு தார் போட்டிருக்காங்க, மேல வேலை கட்டம் கட்டமா நடக்குது, கிளம்புறதுக்கு முதல் நாள் தங்குற இடத்துல ரோடு நிலவரத்தைக் கேட்டுக்கோங்க. தென்னாப்பிரிக்க செக்போஸ்ட் தாண்டினா ஃபோர் பை ஃபோர் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி, அங்கேர்ந்து உச்சிக்கு எட்டு கிலோமீட்டர் சுமாருக்கு, கல்லும் சரளையும் கொண்டை ஊசி வளைவும். சில இடத்துல இறங்கித் தள்ளியே ஆகணும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எல்லை காலை 6லேர்ந்து சாயந்திரம் 6 வரைக்கும் திறந்திருக்கும்.

பாஸ்போர்ட் எடுக்காம போனா செக்போஸ்ட்லயே திருப்பிடுவாங்க. தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு லெசோத்தோ விசா வேணாம். இந்தியாவுலேர்ந்து வேலைக்கு வந்தவங்க லெசோத்தோ விசா, திரும்பி உள்ள வர்றதுக்கு உங்க விசா செல்லுமாங்கறது, ரெண்டையும் ஒரு மாசம் முன்னாடியே பாத்துக்கோங்க.

திரும்புற நேரம் ஒண்ணை காலைலயே முடிவு பண்ணணும். பகல் ஒரு மணி, எங்க இருந்தாலும் திரும்பணும், உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி. மேகம் இறங்கினாலோ, காத்துல சைக்கிள் தள்ளாடினாலோ, யாருக்காவது தலைவலியும் வாந்தியும் வந்தாலோ மணி பாக்காம திரும்புங்க, அந்த உயரத்துல உடம்பு அப்படித்தான் சொல்லும். இறங்கும்போது பிரேக்கை விடாம பிடிச்சுக்கிட்டே வராதீங்க, சூடேறி பிடிப்பு போயிடும், முன்னாடி பின்னாடி மாத்தி மாத்தி விட்டுப் பிடிங்க, நடுவுல நின்னு ஆறவிடுங்க, கையும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

கிளம்புறதுக்கு முன்னாடியும் திரும்பி வர்றதும்

எட்டு வாரம் பயிற்சி போதும், ஆனா அதுல கடைசி மூணு வாரம் டூருக்கு எடுத்துட்டுப் போற அதே பேக், அதே எடையோட ஹில்க்ரெஸ்ட்லேர்ந்து இஞ்சாங்கா போயிட்டு வாங்க, சனி ஞாயிறு ரெண்டு நாளும் அடுத்தடுத்து. ரெண்டாவது நாள் காலைல கால் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான் இது. முட்டி வலிச்சா சீட்டு உயரத்தைப் பாருங்க, கை மரத்துப்போனா ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்க, பேக் ஆடினா ஸ்ட்ராப் மாத்துங்க.

ஹிம்வில்லேர்ந்து டர்பனுக்கு ரயில் கிடையாது. மினிபஸ் டாக்சில சைக்கிள் ஏத்துறது டிரைவரோட மனசைப் பொறுத்தது, மூணு சைக்கிளுக்கு அது சரிப்படாது. அதனால ஏத்திவிட்ட அதே மாமாகிட்டயே ஆறாவது நாள் மதியம் வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி முன்னாடியே பேசிடுங்க, டீசல் காசை நீங்க குடுத்துடுங்க. அண்டர்பெர்க்லேர்ந்து டர்பன் காருக்கு மூணு மணி நேரத்துக்குள்ள ஆகும். வானிலை கெட்டு சானி ஒரு நாள் தள்ளிப்போனா என்ன பண்றதுன்னும் அவர்கிட்ட இப்பவே கேட்டு வையுங்க, லீவு எழுதும்போதும் அந்த ஒரு நாளைச் சேத்தே எழுதுங்க.